மலை ஏறும் முன் மூன்று தட்டு

அன்புள்ள கௌதம்,

கட்டிங் பிளேயரைத் தேடி டாஷ்போர்டைத் திறந்திருப்பாய். பிளேயரோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்த இந்தக் காகிதங்கள்தான் முதலில் கையில் பட்டிருக்கும். குடியாத்தத்தைத் தாண்டியதிலிருந்து கார் இழுக்கவில்லை. பூஸ்ட் மீட்டரின் முள் படுத்த இடத்திலிருந்து எழவே இல்லை. வண்டியை ஓரம் கட்டி பானெட்டைத் தூக்கினால், டர்போவின் பக்கத்தில் யாரோ கட்டுக்கம்பியைச் சுற்றி வைத்திருக்கிறார்கள். அந்த யாரோ நான்தான். உன் கூட்டாளி டேனியைத் திட்டாதே, கூட உட்கார்ந்திருக்கும் மச்சானைச் சந்தேகப்படாதே. உன்னைப் பெற்றவள்தான் பட்டுப்புடவையோடு குனிந்து இன்று காலை அந்த வேலையைச் செய்தேன்.

கோபம் வரும், வரட்டும். கல்யாண மாலை வாசம்கூடப் போகாத நேரத்தில் நடுரோட்டில் நிற்க வைத்துவிட்டாளே என்று நீ பல்லைக் கடிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. பிளேயரை நான் ஒளித்து வைக்கவில்லை, பார்த்தாய் அல்லவா? கம்பியை வெட்ட உனக்கு ஒரு நிமிஷம் போதும். அதற்கு முன் இதைக் கடைசி வரைக்கும் படி. பவித்ராவை நிழலில் நிற்க வைத்து, அவளையே சத்தமாகப் படிக்கச் சொல். என் கையெழுத்து உனக்கு எப்போதும் பிடிபடாது, அதோடு பாதியில் கசக்கி எறிகிற பழக்கமும் உனக்கு உண்டு. அவள் எறிய மாட்டாள். அவளுக்குத் தெரியாத விஷயங்களும் இருப்பதால், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

இந்த முதல் பக்கத்தை மண்டபத்தில் கடைசியாக எழுதி மேலே வைத்திருக்கிறேன்; மற்றதை வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெங்களூரிலிருந்து வீடு திரும்பும் ரயிலில் எழுத ஆரம்பித்தேன். எழுத்து கோணலாக இருந்தால் ரயில் மேல் பழி போடு. நம் ஊர் தங்கச் சுரங்கத்தை மூடி உன் அப்பாவுக்கு வேலை போனதிலிருந்து நான் இந்த ரயிலில்தான் வாழ்கிறேன். பவித்ரா, உன் மாமியார் பெங்களூரில் வேலை பார்க்கிறாள் என்று உன் வீட்டில் பெருமையாகச் சொல்லியிருப்பார்கள். என்ன வேலை என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கார் இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்களைக் கழுவி, வரிசையாக இருக்கும் கண்ணாடிக் குழாய்களில் பீய்ச்ச விட்டு, எல்லாம் ஒரே அளவு ஊற்றுகிறதா என்று பார்க்கிற வேலை. ஒன்று குறைவாக ஊற்றினால் அந்த இன்ஜின் என்ன ஆகும் என்பதை, கடைக்கு வந்து சேரும் உடைந்த பிஸ்டன்களில் பார்த்திருக்கிறேன். நடுவில் ஓட்டை விழுந்து, ஓரம் உருகி, கையில் எடுத்தால் பல் போன வாய் மாதிரி இருக்கும்.

அதனால்தான் கௌதம், நீ உன் பழைய காருக்கு டர்போ போடப் போகிறேன் என்று வந்து நின்றபோது, மற்ற அம்மாக்கள் போல நான் கத்தவில்லை. வெளியே போகும் புகையின் வேகத்தில் சுற்றி, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் சாமான்தான் டர்போ; அந்தத் தள்ளலைத்தான் பூஸ்ட் என்பார்கள். உடைத்துப்போட்ட ஒரு டீசல் காரிலிருந்து எடுத்த சின்ன டர்போ அது. அதை நீயும் டேனியும் ஆண்டர்சன்பேட்டையில் அவன் ஷெட்டில் வைத்து, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி கழுவிக்கொண்டிருந்தீர்கள். கொஞ்சம் பூஸ்ட்தான், ஆசைக்குத்தான் என்றாய். காற்றை அதிகமாகத் தள்ளுவது சுலபம், அதற்கு ஈடாகப் பெட்ரோலை யார் கொடுப்பது என்று நான் கேட்டேன். அன்றைக்கு நம் சுரங்கத்து லைன் வீட்டு அடுப்படியில் நாம் மூன்று பேரும் பேசிய பேச்சு உனக்கு நினைவிருக்கிறதா? உனக்கு ஆசை, புது கம்ப்யூட்டரையே போட்டு, ரோலர் மேல் ஓடவிட்டு ஒழுங்காக டியூன் செய்ய வேண்டும் என்று. டேனி சிரித்தான். அதற்கு இந்தக் காரையே இன்னொரு தடவை வாங்கலாம் என்றான். பழைய கம்ப்யூட்டரின் பக்கத்திலேயே ஒரு பெட்டியை ஒட்டவைத்து சமாளிக்கலாம் என்று நீ சொன்னாய், அந்தப் பெட்டியைச் சரியாக அமைக்கத் தெரிந்தவர் நமக்குக் கிடைக்கவில்லை. காற்று வரும் குழாயில் கூடுதலாக ஒரு இன்ஜெக்டரைச் சொருகலாம் என்று டேனி சொன்னான். அந்த ஒன்று எல்லாப் பிஸ்டனுக்கும் சமமாகப் பங்கு போடாது என்று நான்தான் தடுத்தேன். பெரிய இன்ஜெக்டராகப் போட்டால் சிக்னலில் நிற்கும்போது பெட்ரோல் வழிந்து வண்டி இருமும். கடைசியில் மிஞ்சியது ரெகுலேட்டர். டர்போ எவ்வளவு தள்ளுகிறதோ அதற்கு ஏற்ப பெட்ரோலின் அழுத்தத்தையும் சேர்த்து ஏற்றிவிடும் சாமான். டேங்குக்குத் திரும்பிப் போகும் பைப் உன் பழைய காரில் இருந்ததால் அது பொருந்தியது. காற்றழுத்தம் அதிகமானதைப் பார்த்து கம்ப்யூட்டர் பயந்துவிடாமல் இருக்க, அதனிடம் எப்போதும் ‘எல்லாம் சாதாரணம்தான்’ என்று பொய் சொல்ல ஒரு சின்னச் சாமானையும் டேனி மாட்டினான். நம்மால் முடிந்த வழி அதுதான். அதில் எனக்கு வெட்கம் இல்லை, இப்போதும் இல்லை.

டியூன் பண்ணப் போன ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பேத்தமங்களா ரோட்டில் நீ ஓட்ட, டேனி முன்னால் மடியில் ஸ்பேனரோடு, நான் பின்சீட்டில் இரவல் வாங்கிய மீட்டரைப் பிடித்துக்கொண்டு. புகையை மோந்து பார்த்து, காற்றும் பெட்ரோலும் எந்த விகிதத்தில் எரிகின்றன என்று சொல்லும் மீட்டர்; முள் பன்னிரண்டைத் தாண்டினால் காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். “ஆண்ட்டி, பன்னெண்டத் தாண்டுச்சுன்னா கத்துங்க”ன்னு டேனி சொல்லிவைத்தான். நானும் கத்தினேன். ஏரிக்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் யாரையோ கடத்திப் போகிறார்கள் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டார். நிறுத்தி நிறுத்தி ஸ்க்ரூவைத் திருகி, வெயில் சாய்கிற நேரத்துக்கு முள் பன்னிரண்டைத் தொட்டும் தொடாமலும் நின்றது. “இதுக்கு மேல பம்ப் குடுக்காது, இதுதான் அதோட மூச்சு” என்றான் டேனி. அப்போது நாம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கார் சீறிக்கொண்டு ஓடியது, நீ கையைத் தட்டினாய், வீட்டுக்கு வரும் வழியில் ராபர்ட்சன்பேட்டையில் பிரியாணி வாங்கிக் கொடுத்தாய். மீட்டரை மறுநாள் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

அப்புறம்தான் கல்யாணப் பேச்சு. பவித்ரா, நீ இதைப் படிக்கும்போது முகம் சுருக்காதே கண்ணு. உன்னை எனக்குப் பிடிக்காமல் இல்லை. கல்யாணத்தை உங்கள் ஊரில் வைப்பதுதான் பிடிக்கவில்லை. நம் விகாரைக்கு எதிரில் இருக்கும் ஹாலில், உன் மாமனாரைத் தெரிந்தவர்கள் எல்லாம் நடந்தே வந்து வாழ்த்திவிட்டுப் போக வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். அதை நேராகச் சொல்ல வாய் வராமல், சாக்குச் சாக்காகச் சொன்னேன். குடியாத்தம் வெயில் தாங்காது என்றேன். தண்ணீர் ஒத்துக்காது என்றேன். வயசானவர்களுக்கு மலைப்பாதையில் வாந்தி வரும் என்றேன். மண்டபத்துக் கிச்சன் சின்னது என்றேன், கிச்சனைப் பார்க்காமலே. ஒவ்வொரு சாக்கையும் இவன் பொறுமையாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் கண்டுபிடித்தான். கடைசியில் நான் தோற்றேன், குடியாத்தம் முடிவானது. அதற்கப்புறம் நான் என்ன சொன்னாலும் இவன் காதில் அது இன்னொரு சாக்காகத்தான் விழுந்தது. வாயைக் கொஞ்சம் சேமித்து வைத்திருக்கலாம், எனக்கு அந்தச் சாமர்த்தியம் போதவில்லை.

தட்டு வரிசை வாங்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு பஸ்ஸில் வந்தேனே, அன்றைக்குத்தான் எனக்கு இந்தப் பயம் ஆரம்பித்தது. பஸ் ஏறும்போது ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்து முடித்து, மூடியை இறுக்கித் திருகி, பைக்குள் போட்டிருந்தேன். மலை இறங்கிக் குடியாத்தம் பஸ் ஸ்டாண்டில் பையைத் திறந்தால் பாட்டில் இரண்டு பக்கமும் ஒடுங்கிக் கிடந்தது. யாரும் அதன் மேல் உட்காரவில்லை. மூடியைத் திறந்தேன், புஸ் என்று காற்று உள்ளே போனது, பாட்டில் நிமிர்ந்துகொண்டது. மேலே நம் ஊரில் காற்று லேசு, கீழே கனம். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, காது அடைக்கும்போதெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் அந்தக் காலி பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் உன் கார் ஞாபகத்துக்கு வந்தது.

கௌதம், நாம் அந்தக் காரை நம் ஊர்க் காற்றுக்கு டியூன் பண்ணினோம். ரெகுலேட்டருக்குத் தெரிந்ததெல்லாம் வெளிக்காற்றை விட டர்போ எவ்வளவு அதிகம் தள்ளுகிறது என்பது மட்டும்தான். அந்த வெளிக்காற்றே கனமாகிவிட்டால் அதற்குத் தெரியாது. கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருக்கலாம், அதனிடம்தான் நாம் பொய் சொல்லி வைத்திருக்கிறோமே. கீழே அதே முள், அதே பூஸ்ட், உள்ளே போகும் காற்று மட்டும் அதிகம். பெட்ரோல் அதே அளவு. பம்ப்பிடம் கூடுதலாகக் கேட்டால் அதனிடம் இல்லை. அதோடு குடியாத்தத்து வெயிலும் சேர்ந்துகொள்கிறது. இறங்கும்போது ஒன்றும் ஆகாது, ஆக்சிலரேட்டரில் கால் வைக்கவே வேலை இல்லை. நீயும் நாளைக்குப் பத்திரமாக இறங்கி வந்து, பார்த்தாயா என்கிற மாதிரி என்னைப் பார்ப்பாய். திரும்பி ஏறும்போதுதான் கதை. காரில் ஐந்து பேர், டிக்கி நிறைய சீர், ஏசி, பேரணாம்பட்டு தாண்டி முழுக்க ஏற்றம், முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு லாரி.

மெதுவாக ஓட்டுவேன் என்று சொல்வாய். உன்னை எனக்குத் தெரியாதா? “மாமா, எவ்ளோ இழுக்குதுன்னு காட்டுங்க”ன்னு மச்சான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாட்டு சத்தத்தில் இன்ஜின் உள்ளே டிக் டிக் என்று தட்டுவது உனக்குக் கேட்காது. வளைவில் லாரியைத் தாண்டப் பாதி போயிருப்பாய், அப்போது பிஸ்டன் போகும். இன்ஜின் செத்தால் ஸ்டீயரிங் கல்லாகும், பிரேக் கட்டையாகும். எதிரே இன்னொரு லாரி இறங்கி வரும். நான் அதற்கு மேல் யோசிப்பதில்லை. யோசிக்காமல் இருக்கவும் முடியவில்லை. கடையில் கண்ணாடிக் குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், அளவு கண்ணில் ஏறவில்லை.

பாட்டிலை டேனியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் அதை ரொம்ப நேரம் அமுக்கிப் பார்த்தான். “கரெக்ட்தான் ஆண்ட்டி. நாம இதை யோசிக்கவே இல்ல. ஆனா நான் சொன்னா அவன் கேக்க மாட்டான், நீங்க அனுப்புனீங்கன்னு சொல்லுவான்” என்றான். சரி, நானே சொல்கிறேன் என்று உன்னிடம் வந்தேன். நீ பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாய்.

“கௌதம், பொண்ண வேன்ல கூட்டிக்கினு வரலாம்டா. அந்தக் கார் கீழருந்து மலை ஏறக் கூடாது.”

நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “மண்டபம் முடிஞ்சுது, இப்ப காரா? இன்னாம்மா ஒனக்கு? ஒவ்வொண்ணா கொண்டுக்கினு வர்றியே.”

“இது சாக்கு இல்லடா. இந்த பாட்டிலப் பாரு.”

“பாட்டிலா?” என்று சிரித்தாய். “சும்னே பயம் காட்டாதம்மா. என் கையால செஞ்ச கார். பவித்ராவ அதுலதான் கூட்டிக்கினு வருவேன். அவ கிட்ட இதெல்லாம் ஒளறி வெக்காத.”

உளறவில்லை. தாலி கட்டுவதற்கு முன் மருமகளிடம் போய், உன்னை ஏற்றி வரும் கார் மலையில் நின்றுவிடும் என்று சொன்னால் அந்த வீட்டில் என்ன பேசுவார்கள் என்று எனக்கும் தெரியும். உன் சந்தோஷத்தைக் கெடுக்க வந்தவள் ஆகிவிடுவேன். அதனால் பேசாமல் இருந்தேன். வெளியில்தான் பேசாமல் இருந்தேன். உள்ளுக்குள் உன் காலில் விழுந்துகொண்டேதான் இருந்தேன்.

ரயில் பங்காருப்பேட்டையில் நின்று எஞ்சினை மாற்றுகிறார்களோ என்னமோ, நகரவில்லை. இந்த இடத்தில் உன் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பவித்ரா, உன் மாமனாரை நீ பார்த்ததில்லை. நந்திதுர்க் சுரங்கத்தில் கூண்டை ஏற்றி இறக்கும் பெரிய எஞ்சினை ஓட்டினவர். கூண்டு பூமிக்குள் எங்கேயோ இருக்கும், இவர் மேலே ஒரு அறையில் உட்கார்ந்திருப்பார். உள்ளே கல் இருக்கிறதா ஆள் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. மணிதான் சொல்லும். மூன்று மணி கேட்டால் ஆள் ஏறுகிறார்கள் என்று அர்த்தம். கல் ஏற்றும் வேகம் வேறு, ஆள் ஏற்றும் வேகம் வேறு. சுரங்கம் மூடின பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. நாங்கள் எந்த வண்டியில் ஏறினாலும், வெளியே நின்று கூரையை மூன்று தட்டு தட்டுவார். ஒருதடவை ஆட்டோக்காரர் திரும்பி, “இன்னாண்ணா, வண்டிய ஒடைக்கிறியா?” என்று சண்டைக்கு வந்துவிட்டார். இவர் சிரிக்கவே இல்லை. “ஆள் ஏறிக்கிறாங்கப்பா. அதுக்குத் தகுந்த மாதிரி போ” என்றார். கௌதம் பள்ளிக்கூட வேனில் ஏறும்போதெல்லாம் வெட்கப்பட்டு உள்ளே குனிந்துகொள்வான். அவர் போன பிறகு அந்தத் தட்டை நான் எடுத்துக்கொண்டேன். இதை மட்டும் ஞாயிற்றுக்கிழமை ஓரத்தில் சேர்க்கிறேன் கௌதம்: நேற்று நீ கீழே கிளம்பும்போது நான் தட்டவில்லை, கவனித்தாயா? கோபத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். வேனில் பின்னால் வரும்போது அந்தக் கையைத்தான் கடித்துக்கொண்டு வந்தேன்.

கடிதம் என்றால் புத்திமதி இருக்க வேண்டும், இல்லையா? ஒன்றுதான் தோன்றுகிறது. கையில் இருப்பதை வைத்துச் சமாளித்துத்தான் நம் வீட்டில் எல்லாமே நடந்திருக்கிறது, உன் கல்யாண வாழ்க்கையும் அப்படித்தான் நடக்கும். சமாளிப்பது தப்பில்லை. ஆனால் ஒரு இடத்தில் சரியாக அமைந்த சமாளிப்பை இன்னொரு இடத்துக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகாதே. அங்கே போனதும் நின்று, காற்று எப்படி இருக்கிறது என்று பார். ஊருக்கு வந்து சேர், அந்த மீட்டரை மறுபடி இரவல் வாங்குவோம். பெரிய பம்ப் போடுவோம், மெல்ல மெல்ல நல்ல கம்ப்யூட்டரும் போடலாம். பின்சீட்டில் உட்கார்ந்து கத்த நான் இருக்கிறேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை. மண்டபத்தில் முதல் பந்தி போட்டிருக்கிறார்கள், கிச்சன் நிஜமாகவே பெரியது. முகூர்த்தத்துக்கு முன் எல்லாரும் இட்லியில் இருந்தபோது உன் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா காருக்குப் பூ வைக்கப் போகிறாள் என்று வாட்ச்மேன் நினைத்துக்கொண்டார். டர்போவுக்குப் பக்கத்தில் புகையை வெளியே விடும் சின்னக் கதவு இருக்கிறதே, அதன் ராடில் இருக்கும் கிளிப்பைக் கழற்றி, கதவைத் திறந்த நிலையில் கம்பியால் கட்டினேன். எப்படிக் கட்டுவது என்று மட்டும் டேனியிடம் கேட்டு வைத்திருந்தேன். புகை அந்த வழியாகப் போய்விடும், டர்போ சும்மா சுற்றும், காற்றைத் தள்ளாது. கார் எப்போதும் போல ஒரு பழைய கார். அதன் கம்ப்யூட்டருக்குத் தெரிந்த காற்று, அதற்குத் தெரிந்த பெட்ரோல். மெதுவாக ஏறும். லாரிக்குப் பின்னாலேயே வர வேண்டியிருக்கும். மச்சான் கிண்டல் செய்வான். அவ்வளவுதான், வேறு ஒன்றும் ஆகாது. கையில் கரி, அதைப் பட்டுப்புடவையின் உள்மடிப்பில் துடைத்துக்கொண்டேன். அந்தக் கையால்தான் உங்கள் இரண்டு பேர் தலையிலும் அரிசி போட்டேன்.

கெஞ்சுகிறேன் கௌதம், வெட்டாதே. உன் அப்பா இருந்திருந்தால் உனக்குப் புரிகிற மாதிரி சொல்லியிருப்பார். எனக்கு ஒரு காலி பாட்டிலும் இந்தக் கம்பியும்தான் கிடைத்தன. ஆனால் உன் கையைப் பிடித்து நிறுத்தும் இடத்தில் நான் இப்போது இல்லை, வேனில் உங்களுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருப்பேன். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். சுரங்கத்தில் அந்த மூன்று மணியை அடிப்பது எஞ்சின் ஓட்டுகிறவர் இல்லை. கூண்டுப் பக்கத்தில், ஆள் ஏறுகிற இடத்தில் நிற்கிறவர்தான் அடிப்பார். ஓட்டுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரர் ஆனாலும் அந்த மணிக்குத்தான் கட்டுப்பட வேண்டும். ஆகவே கௌதம், பிளேயரை அவளிடம் கொடு.

பவித்ரா, எல்லாம் படித்துவிட்டாய். கார் என்ன ஆகலாம் என்று இப்போது உனக்கும் தெரியும். கம்பியை வெட்டச் சொல்வதும் வேண்டாம் என்பதும் உன் இஷ்டம், எதைச் செய்தாலும் நீ என் மருமகள்தான். வேண்டாம் என்றால் பானெட்டை மூடச் சொல். காரில் ஏறுவதற்கு முன் கூரையை மூன்று தட்டு தட்டு கண்ணு, இவனுக்குக் கேட்கிற மாதிரி.

அம்மா